சுங்கை சிப்புட் மலை ஆத்துல ஃப்ளை ஃபிஷிங், கைடு வச்சுப் போறது காசுக்கு வொர்த்தா?

மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்கற சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் லயத்துல வளந்த யாருக்கும் மீன் புடிக்கறது புதுசு கிடையாது, குச்சியில நைலான் கட்டி மண்புழு மாட்டி ஆத்தோரம் உக்காராத பசங்களே இருக்க மாட்டாங்க. ஆனா ஃப்ளை ஃபிஷிங்னு, அதாவது போலிப் பூச்சியக் காட்டி மீன் புடிக்கறதப் பத்தி, வாயத் தொறந்தாலே "அது வெள்ளக்காரன் சமாச்சாரம், ட்ரவுட் மீனுக்குத்தான், இங்க எங்க ட்ரவுட் இருக்கு"ன்னு முடிச்சுடுறாங்க. ட்ரவுட் இங்க இல்லங்கறது உண்மைதான், அதுக்கு நல்லா குளுந்த தண்ணி வேணும், 20 டிகிரிய தாண்டுனாலே சிரமப்பட ஆரம்பிச்சுடும், நீலகிரியில வெள்ளக்காரன் கொண்டாந்து விட்டு அது பொழச்சதுக்கும் அந்தக் குளிருதான் காரணம். நம்ம மலை ஆத்துல இருக்கறது கெலா, செபராவ், தெங்காஸ். மூணுமே ஓட்டத் தண்ணி மீனு. பூச்சி பொட்டு தண்ணியில விழுந்தா மேல வந்து எடுக்கும், செபராவ் சின்ன மீனத் தொரத்தித் தொரத்தி அடிக்கும், கெலா கரையோர மரத்துலேருந்து விழற பழத்தக்கூட விடாது. அப்பறம் எறகும் நூலும் வச்சுப் பூச்சி மாதிரி கட்டுன தூண்டிலுக்கு மட்டும் வராமலா போயிடும்?

நான் காசு கட்டிப் போன கைடு குரூப்போட பேரையும் ஆத்தோட பேரையும் இங்க போடப் போறதில்ல. பேரு வெளிய போனா வலையும் பேட்டரி ஷாக்கும் தூக்கிட்டு ஒரு கூட்டம் வந்துடும், கெலா என்ன வெல போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். டவுன்ல தூண்டில் சாமான் விக்கற கடையில நல்லபடியா கேட்டா சொல்லுவாங்க.

வெளிநாட்டு வீடியோல்லாம் பாத்தா "பிரைவேட் வாட்டர்"னு சொல்லுவாங்க. அமெரிக்காவுல கொலராடோல எல்லாம் ஆத்துக்கு அடியில இருக்கற நெலமே நெலக்காரனுக்குச் சொந்தம், அவன் விட்டாத்தான் நீங்க தண்ணியில கால் வைக்கலாம், அதுக்குத் தனியா காசு. நியூசிலாந்துல நேர் எதிர், ட்ரவுட் புடிக்கற உரிமைய விக்கவே கூடாதுன்னு 1987 சட்டத்துல எழுதி வச்சிருக்கான். நம்ம ஊருல ஆறு தனி ஆளோடது கெடையாது, மாநிலத்தோடது. ஆனா இந்த ஆத்துக்குப் போற வழி தெமியார்ங்கற பூர்வகுடி மக்களோட கம்போங் (கிராமம்) வழியாத்தான் போகுது, அவங்க கண்ணுல படாம யாரும் மேல ஏற முடியாது. நாம கட்டற காசுல ஒரு பங்கு கம்போங்குக்குப் போகுது, கைடும் அந்த கம்போங் ஆளுதான், புடிச்ச மீன அங்கயே திருப்பி விட்டுடணும். சபாவுல தாகால்னு ஊர்க்காரங்களே ஆத்தக் காவல் காக்கறாங்களே, கிட்டத்தட்ட அந்த வழிதான். எனக்கு இந்த சர்வீஸ்ல ரொம்பப் புடிச்சதே இதுதான். ஏன்னா கெலா சீக்கிரம் வளர்ற மீன் இல்ல, பெருசா ஒண்ண வெட்டித் தின்னா அந்த எடத்துல இன்னொண்ணு வர பல வருஷம் ஆகும். அந்த ஆத்துல கைநீளத்துக்குக் கெலா கூட்டமா மேயறதப் பாத்தேன். ஆளு காவல் இல்லாத ஆத்துல இது நடக்காது.

இப்ப கைடு. இவருக்காகத்தான் இந்த ரிவியூவே எழுதறேன். எல்லாரும் அவர பாங்னுதான் (மலாய்ல அண்ணன்) கூப்புடறோம், வயசு அம்பதுக்கு மேல இருக்கும், பேச்சு கம்மி, எல்லாம் மலாய்லதான். சாதாரண தூண்டில்ல ஈயக்குண்டோட கனம் நூல இழுத்துட்டுப் போகும், ஃப்ளைல பூச்சிக்குக் கனமே கெடையாது, தடிப்பா இருக்கற நூலு, அதான் லைன், அதோட கனம்தான் பூச்சியக் கொண்டு போய்ப் போடணும், அதனாலதான் முன்னும் பின்னும் வீசறது. ஆனா நம்ம காட்டு ஆத்துல பின்னாடி மூங்கி, தலைக்கு மேல கெள, வீசறதுக்கு எடமே இருக்காது. பாங் மொதல்ல ரோல் காஸ்ட் மட்டும் போட விட்டாரு, லைன் தண்ணியிலயே கெடக்கும், பின்னாடி போகாம முன்னாடி உருண்டு போகும். இன்னும் ஒடுக்கமான எடத்துல கொக்கி முனை வெரல்ல படாம பூச்சிய ரெண்டு வெரல்ல புடிச்சுக்கிட்டு ராட வில்லு மாதிரி வளச்சு விடச் சொன்னாரு, செடி மறைவுல மண்டி போட்டுக்கிட்டே போடலாம். மீன் எப்பவும் தண்ணி வர்ற பக்கம் மூஞ்சிய வச்சுத்தான் நிக்கும், அதனால கீழேருந்து மேல போகணும், நெழலு தண்ணியில விழக்கூடாது, கல்லு மேல தடதடன்னு நடக்கக்கூடாது. இதெல்லாம் புக்லயும் இருக்கு, ஆனா "அந்தக் கருப்புக் கல்லுக்குப் பின்னாடி, நொரை முடியற எடம்"னு கைய நீட்டிக் காட்ட ஒரு ஆளு வேணும். அங்க போட்டேன், செபராவ் அடிச்சுது. அது கடிக்கறதில்லங்க, அடிக்கறது, கையிலேருந்து ராடே போயிடும் போல ஒரு இழுப்பு. முதுகுலேருந்து எறங்கற அந்தக் கருப்புப் பட்டையும் செவப்பு வாலும் தண்ணிக்குள்ள திரும்பறப்ப பளிச்சுன்னு தெரிஞ்சுது.

கெலாவுக்கு அவரு கட்டித் தர்ற பூச்சி, பூச்சியே இல்ல, செம்பனப் பழம் (எண்ணெய்ப் பனைப் பழம்) மாதிரி ஒண்ணு. ஆரஞ்சும் கருப்புமா ஃபோம வெட்டி கொக்கியில சுத்தி வச்சிருக்காரு. கெலாவுக்கு நெசப் பழத்த மாட்டறது நம்ம எஸ்டேட் ஆளுங்களுக்குப் பழைய வித்த, அதயே ஃப்ளைக்கு மாத்திட்டாரு. கொக்கியில முள்ளு நசுக்கி இருக்கு, கைய நனச்சுட்டுத்தான் மீனத் தொட விடறாரு, காஞ்ச கையால புடிச்சா மேல இருக்கற வழவழப்பு போயி மீனுக்குச் சீக்கு வந்துடும்.

மத்தியானம் ஒரு வெசயம் நடந்துச்சு. எங்க தலைக்கு மேல நல்ல வெயிலு. பாங் திடீர்னு தண்ணியப் பாத்துட்டு நின்னாரு, ரெண்டு மூணு காஞ்ச எல, கொஞ்சம் குப்ப, தண்ணி லேசா கலங்கல். "நாயேக், நாயேக்" (ஏறு, ஏறு)னு ஒரே சத்தம், எல்லாரையும் கரைக்கு மேல ஏத்திட்டாரு. மேல எங்கயோ மழ. கொஞ்ச நேரத்துல நாங்க நின்ன கல்லு எல்லாம் முழுகிப் போச்சு, மரக்கட்டையெல்லாம் அடிச்சுட்டு வந்துச்சு. கெப்பாலா ஆயர்னு, மலையிலேருந்து திடீர்னு வர்ற வெள்ளத்த, நியூஸ்ல படிக்கறதுதான், 2021 ஆகஸ்ட்ல கெடாவுல ஜெராய் மலைப்பக்கம் அப்படி வந்து உயிரே போச்சு. தனியா போயிருந்தா அந்த நாலு எலைய நான் கவனிச்சிருப்பேனான்னு தெரியல. கைடுக்கு எதுக்குக் காசுன்னு கேக்கறவங்களுக்கு இத விடப் பெரிய பதில் எங்கிட்ட இல்ல.

கொற இல்லாம இல்ல. ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 வெள்ளின்னு (ரிங்கிட்) சொல்லிட்டு, ஃபோர் வீலுக்குத் தனி சார்ஜுன்னு மொத நாள் ராத்திரி வாட்ஸ்அப்ல மெசேஜ் அனுப்பறது சரியில்ல, புக் பண்ணும்போதே சொல்லணும். ஒரு மெசேஜுக்குப் பதில் வர ரெண்டு நாள் ஆகுது. வாடகைக்குக் கொடுக்கற ராடு 6 வெயிட்டு (லைனோட கன நம்பர்), ராடு நல்லாத்தான் இருக்கு, லைன்தான் வெடிச்சு சொரசொரன்னு இருக்கு, வளையத்துல மாட்டி மாட்டி நிக்குது, மொத தடவ வர்ற ஆளு தனக்குத்தான் வரலன்னு நெனச்சு மனசு விட்டுப் போயிடுவான். அந்த லைன மாத்த என்ன பெரிய செலவு ஆயிடப் போகுது? சாப்பாடு நாசி லெமாக் பொட்டலம், பரவால்ல. தண்ணி ஏறுனதால பாதி நாள் போச்சுன்னு சொன்னதும் இன்னொரு நாள் வரச் சொல்லி அரை ரேட்டுதான் கேட்டாங்க, அது பெரிய மனசு.

போறவங்க சொந்த லைன் இருந்தா கொண்டு போயிடுங்க. அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் மழ, அப்ப வேணாம், பிப்ரவரி மார்ச்சுல தண்ணி தெளிவா இருக்கும். வெல ஒசந்த வேடிங் பூட்செல்லாம் தேவையில்ல, பால்மரம் வெட்டறவங்க போடற அடிடாஸ் கம்போங் ரப்பர் சூ போதும், பாசிக் கல்லுல நல்லாப் புடிக்குது, தண்ணியும் உள்ள நிக்காது. அட்டைக்கு நீட்டு சாக்ஸ் போடுங்க. புக் பண்றப்பவே ரெண்டு கேள்வி கேட்டுடுங்க, ஃபோர் வீல் காசு சேத்தா இல்லையான்னு ஒண்ணு, அன்னிக்கு வர்ற கைடு பாங்தானான்னு இன்னொண்ணு. அவரு இல்லைன்னா வேற தேதி கேளுங்க.