ரிக்கன்பேக்கர் 4001, 4003, வி63: எதைத் தேடுவது, எதை வாங்குவது?

1972ஆம் வருடத்து ரிக்கன்பேக்கர் 4001 பேஸ் கிட்டார் ஒன்று ஒருவழியாக என் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. உடலின் ஓரம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பைண்டிங் (ஓரப்பட்டை), விரல் அழுத்தும் ஃப்ரெட்போர்டின் முழு அகலத்துக்கும் பரவிய முத்து நிற முக்கோணங்கள், நெக் (கழுத்து) பக்கத்தில் டோஸ்டர் எனப்படும் பழைய வகைப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகம்). இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் பேஸைத்தான் பல வருடங்களாகத் தேடினேன். வாங்கியதும் வாசிக்கிற நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: இந்த விலைக்குப் புது 4003 ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல ஆம்ப்பும் வாங்கியிருக்கலாமே? நியாயமான கேள்விதான். 4003, 4001, பழைய வடிவத்தின் மறுபதிப்பாகப் பின்னால் வந்த 4001வி63 மூன்றையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்த பிறகுதான் நான் முடிவெடுத்தேன். அதே யோசனையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கொஞ்சம் வரலாறு தேவை. ஜெர்மனியிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்த ரோஜர் ராஸ்மைஸல் வடிவமைத்து 1957இல் வெளிவந்தது மாடல் 4000. நெக்கை உடலில் திருகாணியால் பொருத்தாமல், தலையிலிருந்து வால் வரை ஒரே மரமாக ஓடவிட்டு, இரண்டு பக்கமும் சிறகு ஒட்டிய அமைப்பு அது. அந்த அமைப்பில் தொழிற்சாலை அளவில் வந்த முதல் பேஸ் அதுதான். 1961இல் இரண்டு பிக்கப்போடும் அலங்காரத்தோடும் 4001 வந்தது. அலங்காரம் இல்லாமல், ஃப்ரெட்போர்டில் பதித்த புள்ளி இன்லேயோடு வந்த எளிய வடிவம் 4001எஸ். 1979இல் 4003 அறிமுகமாகி, 1980களில் 4001இன் இடத்தை முழுதாகப் பிடித்துக்கொண்டது. இன்றும் சாண்டா ஆனா தொழிற்சாலையில் செய்வது 4003தான். பழைய எஸ் வடிவத்தைத் திரும்பக் கேட்டவர்களுக்காக 1984இல் வந்தது வி63.

மூன்றுக்கும் கம்பி அதிரும் நீளம் ஒன்றே, 33¼ அங்குல ஸ்கேல். ஃபெண்டரின் 34 அங்குலத்துக்குப் பழகிய கைக்கு முதல் ஐந்து நிமிடம் வித்தியாசம் தெரியும், அப்புறம் மறந்துபோகும். எடையும் கையில் உட்காரும் விதமும் மாடலைவிட ஒவ்வொரு தனிப் பேஸையும் பொறுத்தே மாறுகின்றன. அதனால் அவற்றை வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

உண்மையான வித்தியாசம் மூன்று இடங்களில் இருக்கிறது: நெக் பிக்கப் உட்காரும் இடம், பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கத்துப் பிக்கப்பின் வழியில் உள்ள ஒரு சின்னக் கப்பாசிட்டர், நெக்கின் வளைவைக் கட்டுப்படுத்த அதற்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்பு. விளம்பரத்தில் எழுதுகிற மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

முதலில் பிக்கப். 1974 வரை வந்த 4001களில் நெக் பிக்கப், ஃப்ரெட்போர்டு முடியும் இடத்திலிருந்து அரை அங்குலத்தில் இருக்கும். அந்த வருடத்தில் அதை ஒரு அங்குலத்துக்குத் தள்ளினார்கள். 4003க்கும் அந்த ஒரு அங்குலமே வந்தது. அரை அங்குலம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். கம்பியின் அடிப்படை அதிர்வு பிரிட்ஜிலிருந்து விலக விலக அகலமாகிறது. பிக்கப் ஃப்ரெட்போர்டை நெருங்கும்போது அந்த அகலமான அசைவு அதற்கு அதிகமாகக் கிடைக்கிறது, ஒலியில் அடித்தளம் கூடுகிறது. அதைவிட முக்கியம், இரண்டு பிக்கப்பையும் சேர்த்துத் திறக்கும்போது இரண்டும் கம்பியின் எந்தெந்த இடத்தைக் கேட்கின்றன என்பதைப் பொறுத்து நடு அலைவரிசையில் ஒரு பள்ளம் விழும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மாறினால் அந்தப் பள்ளமும் இடம் மாறும். 4003இல் நடுப்பகுதி இறுக்கமாக, முன்னால் வந்து நிற்கிறது. பழையதில் அது கொஞ்சம் பின்வாங்கி, கீழேயும் மேலேயும் இடம் விடுகிறது. இதோடு டோஸ்டரின் குணமும் சேர்ந்துகொள்கிறது. 1973ஐ ஒட்டி வந்த ஹை-கெய்ன் பிக்கப்பைவிட டோஸ்டருக்கு வெளியீடு குறைவு, ஆனால் மேல் ஸ்வரங்கள் திறந்து கேட்கும். ஹை-கெய்ன் ஆம்ப்பைச் சீக்கிரம் உறும வைக்கும். ராக் வாசிப்பவருக்கு அது குறையே அல்ல.

எனக்கு முடிவைக் கொடுத்தது இந்த அரை அங்குலம்தான். மற்ற எதையும் 4003இல் ஏறக்குறையக் கொண்டுவந்துவிடலாம். டோஸ்டர் தனியாக விற்கிறது, வாங்கி மாட்டலாம். கப்பாசிட்டரைச் சேர்க்கலாம். பிக்கப்பின் இடத்தை நகர்த்த வேண்டுமானால் உடலில் உளி வைக்க வேண்டும், ஒரு நல்ல புதுப் பேஸில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

கப்பாசிட்டர் விஷயம் எளிது. பழைய 4001இல் பிரிட்ஜ் பிக்கப்பின் வழியில் 0.0047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று தொடராக இருக்கும். அது கீழ் ஒலியைத் தடுத்து மேல் ஒலியை மட்டும் விடும். அந்தப் பிக்கப்பைத் தனியாகத் திறந்தால் மெலிந்து கேட்கும், தனியாக வாசிக்க அதை யாரும் விரும்புவதில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்தால் அடி முழுவதும் நெக் பக்கத்திலிருந்து வர, பிக் கம்பியில் படும் உலோக ஓசை மட்டும் அதன் மேல் தெளிவாக மிதக்கும். ரிக்கன்பேக்கர் என்றதும் காதில் வரும் ஒலியில் பெரும் பங்கு இதற்குத்தான். 1980களின் நடுவில் 4003இலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். 2006இலிருந்து ஒரு குமிழை இழுத்தால் கப்பாசிட்டர் சேர்கிற மாதிரித் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் புதுசுதான் மேல், ஏனென்றால் இரண்டு குரலும் ஒரே பேஸில் கிடைக்கிறது. பழையது வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முந்தைய சொந்தக்காரர்கள் பலர் ஒலி தடிமனாக வேண்டும் என்று இந்தக் கப்பாசிட்டரைத் துண்டித்து வைத்திருப்பார்கள். திறந்து பார்க்காமல் ‘பழைய 4001 இப்படித்தான் ஒலிக்கும்’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

அடுத்தது நெக். பழையதை வாங்க நினைப்பவர் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. 4001க்குள் இரண்டு ட்ரஸ் ராட், ஒவ்வொன்றும் கொண்டை ஊசி மாதிரி மடித்த இரும்புப் பட்டை. சாதாரண பேஸில் நட்டைத் திருகினால் ராட் நெக்கை வளைக்கும். இதில் அப்படிச் செய்யக்கூடாது. நட்டுகளைத் தளர்த்தி, நெக்கைக் கையால் வேண்டிய நிலைக்கு அழுத்திப் பிடித்து, அதன் பிறகு நட்டுகளை இறுக்க வேண்டும். ராட் நெக்கை அந்த நிலையில் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. இது தெரியாமல் பலமாகத் திருகினால் தலைப்பக்கத்தில் ஃப்ரெட்போர்டு நெக்கிலிருந்து பிய்ந்து கிளம்பும். அப்படிப் பிய்ந்து திரும்ப ஒட்டிய 4001கள் சந்தையில் நிறைய உண்டு. ட்ரஸ் ராட் மூடியைக் கழற்றி, ஒட்டின கோடு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மூடியைக் கழற்ற மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம்.

4001 வடிவமைத்தபோது பேஸ் என்றால் வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள்தான். பிறகு சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் வந்து எல்லாரும் அதற்கு மாறினார்கள். 4003 அந்தக் கம்பிகளை மனதில் வைத்துச் செய்தது. இன்றைய 4003இல் ராட் மற்ற பேஸ்களைப் போலத் திருகினால் வேலை செய்யும். நான் இருக்கும் டொராண்டோவில் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி, காற்று வறண்டுவிடும். கோடையில் ஈரம் கூடும். பருவம் மாறும்போதெல்லாம் நெக் நகரும். 4003 வைத்திருப்பவர் சாவியை எடுத்து இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். எனக்கு அது நிதானமாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. நான் மெல்லிய செட் ரவுண்ட்வவுண்ட் போட்டிருக்கிறேன், அறையில் ஈரப்பதக் கருவி வைத்திருக்கிறேன். சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊரில் இருப்பவர்கள், அதிலும் ஏசி அறைக்கும் வெளிக்கும் மாறிமாறி எடுத்துப் போகிறவர்கள், இந்த மாடலைப் பழகிய ரிப்பேர்காரர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் என் பதில் 4003தான், தயக்கமே இல்லை.

இன்னொரு சின்னத் தொல்லை 4001க்கும் 4003க்கும் பொது. பிரிட்ஜ் பிக்கப்பின் மேல் உள்ள குரோம் மூடி, விரலால் வாசிப்பவரின் கையை நேரே தடுக்கும். பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள், நானும்தான். பிரிட்ஜுக்குள் ஒரு ஃபோம் தடுப்பும் அதை ஏற்ற இரண்டு திருகாணிகளும் இருக்கின்றன. மெல்ல ஏற்றினால் கம்பியின் நீட்டம் அடங்கி, 60களின் பாட்டுகளில் வரும் ‘தும் தும்’ ஒலி கிடைக்கும். பழைய பிரிட்ஜ்களில் கம்பியின் இழுப்பால் வால்முனை உடலைவிட்டு மேலே எழும்பியிருக்கும், ஒரு காகிதத்தை அடியில் நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது வி63. இதைப் பலர் இரண்டாம்தரமாக நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய 4001ஐத் தேடுபவர்களில் பெரும்பாலோர் மனதில் இருப்பது பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி அல்லது யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயரின் ஒலி. ஆனால் அவர்கள் இருவரிடமும் இருந்தது கட்டம் போட்ட பைண்டிங் உள்ள 4001 அல்ல. மெக்கார்ட்னிக்கு 1965இல் கிடைத்தது இடதுகை 4001எஸ். ஸ்குவயர் வாங்கியது அதே எஸ் வடிவம்தான், இங்கிலாந்தில் ரோஸ் மோரிஸ் நிறுவனம் இறக்குமதி செய்து 1999 என்ற மாடல் எண்ணில் விற்றது. இருவருமே பின்னால் மேல் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அந்த ஒலிதான் வேண்டும் என்றால் நேரான வழி வி63: புள்ளி இன்லே, பைண்டிங் இல்லாத உடல், டோஸ்டர், குதிரைலாடம் போலக் கம்பிகளைச் சுற்றி வளையும் பிரிட்ஜ் பிக்கப்பின் மறுபதிப்பு. 60களின் அசலைவிட விலையில் மிகக் குறைவு. என்ன, அதுவும் 2000ஐ ஒட்டி நின்றுவிட்டதால் அடிக்கடி விற்பனைக்கு வராது.

நான் ஏன் அதை வாங்கவில்லை? என் காதில் சின்ன வயதிலிருந்து இருப்பது ரஷ் குழுவின் கெடி லீ, இதே டொராண்டோவின் வில்லோடேலில் வளர்ந்தவர். அவருடைய கறுப்பு 4001, 1973ஆம் வருடத்தது. நெக் பிக்கப் ஒரு ஆம்ப்புக்கும் பிரிட்ஜ் பிக்கப் இன்னொரு ஆம்ப்புக்கும் தனித்தனியாகப் போகும் ரிக்-ஓ-சவுண்ட் இணைப்பை அவர் பயன்படுத்திய விதம்தான் என்னை இந்தப் பேஸின் பக்கம் இழுத்தது. அந்த இணைப்பு 4003இலும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரும் தொழிற்சாலைப் பிரிட்ஜைக் கழற்றிவிட்டு பேடாஸ் என்ற வேறு தயாரிப்பின் பிரிட்ஜைப் போட்டுக்கொண்டவர். மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டனும் தன் ரிக்கன்பேக்கரின் பிக்கப்புகளை மாற்றினார். ஆகவே ஒரு கலைஞரின் பெயரை வைத்து வருடம் தேடுபவர்கள், அவர் அந்தப் பேஸில் எதை மாற்றினார் என்றும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. வருடம் ஜாக் தகட்டில் இருக்கிறது: முதல் எழுத்து வருடம், 1961க்கு ஏ, அப்படியே 1986க்கு இசட். இரண்டாவது எழுத்து மாதம், ஏயிலிருந்து எல் வரை. என்னுடையது எல்லில் தொடங்குகிறது, அதாவது 1972. ஆனால் தகட்டை யாரும் கழற்றி மாற்றலாம் என்பதால் உள்ளே குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் அச்சிட்ட எண்ணையும் படியுங்கள். 137 என்று தொடங்கினால் அது சிடிஎஸ் நிறுவனத்தின் தயாரிப்பு, அடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி இரண்டு வாரம். தகடு 1972 என்று சொல்லி, பொட்டென்ஷியோமீட்டர் 1976 என்று சொன்னால் இரண்டில் ஒன்று பின்னால் வந்தது. போலிகளும் உண்டு. 70களில் ஜப்பானில் செய்த நகல்கள் சில நன்றாகவே வாசிக்கும், அவற்றை நகல் என்று சொல்லி நகல் விலைக்கு விற்றால் தவறில்லை. பின்பக்கம் நான்கு திருகாணியோடு நெக் பொருத்திய ஒன்றை அசல் என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

நாடு விட்டு நாடு வாங்குகிறவர்கள் மரத்தையும் கேளுங்கள். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்தது, 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. 1992 முதல் கடும் தடையில் இருக்கும் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. ஃப்ரெட்போர்டு என்ன மரம் என்று விற்பவர் எழுத்தில் தரட்டும்.

மேடைக்கு வாரம்தோறும் எடுத்துப் போவதற்கு, ஒரே ஒரு ரிக்கன்பேக்கர்தான் வாங்க முடியும் என்றால், 4003. புதுசுக்குக் கடையில் காத்திருக்க நேரலாம், ஏற்கெனவே பயன்படுத்திய 4003கள் கிடைப்பது எளிது. 60களின் ஒலிக்கு வி63, கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். 1974க்குப் பிறகு வந்த 4001கள் என் கணக்கில் நடுவில் மாட்டிக்கொண்டவை: பழைய ராட் உண்டு, அரை அங்குலம் கிடையாது. விலை நன்றாக இறங்கினால் மட்டும் பாருங்கள். அரை அங்குலமும் டோஸ்டரும் கப்பாசிட்டரும் சேர்ந்த ஒலி ஒன்று உங்கள் காதில் ஏற்கெனவே குடியிருந்தால், 1973க்கு முந்தைய ஒன்றை நேரில் வாசித்துப் பார்த்து, மூடியைக் கழற்றிப் பார்த்து, ராட் தெரிந்த ஒருவரையும் பேசி வைத்துக்கொண்டு வாங்குங்கள்.