மரைன் பிளை என்று விற்றது மரைன் பிளை அல்ல: வீட்டில் படகு கட்டுகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் படிக்கவும்

பன்னிரண்டடி துடுப்புப் படகு ஒன்றை மொட்டை மாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ, பலகைகளைக் கம்பியால் தைத்து மூட்டுகளை ஒட்டிக் கட்ட, தேவையான சரக்கு அதிகமில்லை. எட்டுக்கு நாலு அளவில் 6 மி.மீ. மரைன் பிளைவுட் நான்கு ஷீட், ஒட்டவும் பூசவும் எப்பாக்சி ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் சேர்த்து ஏழெட்டு கிலோ, 75 மி.மீ. அகலக் கண்ணாடியிழை நாடா ஒரு சுருள், தைப்பதற்குச் செம்புக் கம்பி, கொஞ்சம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு. படகு கட்டத்தான் என்று தெளிவாகச் சொல்லி, இவ்வளவையும் சென்னையில் ஒரே வியாபாரியிடம் வாங்கினோம். ஐந்து சரக்கில் சொன்னபடி இருந்தது நாடா ஒன்றுதான். மற்ற நான்கும் வேறு எதையோ அந்தந்தப் பெயரில் விற்றவை. கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் முழுதாக எழுதுகிறோம்.

முதலில் பிளைவுட். ஷீட்டின் மேல் சிவப்பு மையில் பெரிதாக 'மரைன்', 'பி.டபிள்யூ.பி.' (கொதிநீருக்கும் அசையாதது), '710 கிரேடு' என்று அச்சு இருந்தது. இந்த மூன்று சொல்லுக்கும் தனியாக எந்த மதிப்பும் இல்லை. இந்தியாவில் மரைன் பிளைவுட்டுக்கான தரநிலை ஐ.எஸ். 710. அதற்கு உரிமம் பெற்ற ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும், முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 710 என்ற எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். எங்களுக்கு வந்த ஷீட்டில் உரிம எண் இல்லை. எண் இருந்தாலும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, எந்தத் தரநிலைக்கு, இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரியும். எந்தத் தரநிலை என்ற வரியைக் கவனமாகப் படியுங்கள். வீட்டு அலமாரி போன்ற பொது வேலைகளுக்கான ஐ.எஸ். 303 உரிமத்தை வைத்துக்கொண்டு ஷீட்டின் மேல் 'மரைன்' என்று அச்சடித்தால், எண் உண்மையாகவே இருக்கும், ஷீட் மரைன் ஆகாது.

இரண்டுக்கும் வித்தியாசம் பசையில் தொடங்குகிறது. ஐ.எஸ். 710 ஷீட்டின் ஒட்டு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்த பிறகும் பிடிப்பு விடக்கூடாது. 303-இல் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) வகைக்கு 8 மணி நேரக் கொதிநீர் போதும். எம்.ஆர். (ஈரம் தாங்கும்) வகைக்குக் கொதிநீரே கிடையாது, 60 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம் மட்டும். மரைன் பிளையில் போடுவது பீனால் பார்மால்டிஹைடு பசை, எம்.ஆர். சரக்கில் பெரும்பாலும் யூரியா பார்மால்டிஹைடு. யூரியாப் பசை சூடும் ஈரமும் சேர்ந்தால் சிதைந்துவிடும். பீனால் பசையின் கோடு அடர்பழுப்பாக இருக்கும் என்று ஓரத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் உண்டு. பசையில் சாயம் கலக்கலாம் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. எங்கள் ஷீட்டிலும் கோடு பழுப்பாகத்தான் இருந்தது.

கொதிக்க வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி. ஷீட்டின் ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் உள்ளங்கை அளவில் ஆறு துண்டு வெட்டுங்கள். பழைய பாத்திரத்தில் முழுக மூழ்கும்படி கல் வைத்து, தண்ணீர் குறையக் குறைய வெந்நீர் ஊற்றி 8 மணி நேரம் கொதிக்க விடுங்கள். பிறகு நன்றாகக் காயவைத்து மறுநாள் மீண்டும் 8 மணி நேரம். ஒன்பது நாளில் 72 மணி நேரம் ஆகிவிடும். ஆய்வுக்கூட முறை இது அல்ல. ஆனால் நனைந்து காய்ந்து நனைவதுதான் படகுக்கு நடப்பது, அதனால் நம் வேலைக்கு இது நல்ல சோதனை. கடைசியில் ஒட்டுக்கோட்டில் உளியை வைத்துப் பிளக்கவும். மரநார் கிழிந்து வந்தால் பசை நல்லது. கண்ணாடி போல வழவழவென்று இரண்டாகப் பிரிந்தால் அது படகுக்கு ஆகாது. எங்கள் துண்டுகளுக்கு உளியே தேவைப்படவில்லை: முதல் மணி நேரத்தில் இரண்டு தானாகப் பிரிந்தன, மூன்றாம் மணிக்குள் ஆறும் தாள் தாளாகப் பாத்திரத்தில் மிதந்தன.

ஒரு எச்சரிக்கை. நல்ல மரைன் பிளையில் பூச்சிக்கும் பூசணத்துக்கும் எதிராக ரசாயனம் ஏற்றியிருப்பார்கள். கொதிக்க வைத்த பாத்திரத்தைச் சமையலறைக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. வெட்டிய துண்டுகளை அடுப்பில் எரிக்கவும் கூடாது.

பசை தேறினாலும் கோர், அதாவது ஷீட்டின் உள்பகுதி, இருக்கிறது. 6 மி.மீ. மரைன் ஷீட் என்று கேட்டால் ஒன்றோடொன்று ஒட்டிய ஐந்து மரத் தாள் இருக்க வேண்டும், அவற்றின் தடிமனும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். இதைப் பார்க்க, படகுக்கு எப்படியும் போடப்போகிற சரிவு இணைப்பையே (பலகைகளின் முனைகளைச் சரிவாக இழைத்து ஒன்றின் மேல் ஒன்று ஒட்டுவது) ஒரு துண்டில் போட்டுப் பாருங்கள். எட்டடி ஷீட்டைப் பன்னிரண்டடியாக நீட்ட எட்டுக்கு ஒன்று சரிவு வேண்டும், அதாவது 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. இழைப்பு. அந்தச் சரிவில் ஒவ்வொரு தாளும் ஒரு பட்டையாகத் தெரியும். 1.2 மி.மீ. தாள் கிட்டத்தட்ட 10 மி.மீ. பட்டையாக விழும். எங்கள் ஷீட்டில் மேல் தாளின் பட்டை இரண்டரை மி.மீ.கூட இல்லை, அதாவது மேல் தாளின் தடிமன் 0.3 மி.மீ. பலகை வளையும்போது பாரத்தின் பெரும்பங்கைத் தாங்குவது மேல் தாளும் கீழ் தாளும்தான். அவை காகிதம் போல இருந்தால் உள்ளே எத்தனை தாள் இருந்தும் பயனில்லை. மணல்தாள் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாலே உள் தாள் வெளியே வந்துவிடும்.

பட்டைக் கோடுகள் நேராக ஓடவும் வேண்டும். அலைந்தால் உள்ளே தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. கறுப்புப் பிளவு தெரிந்தால் அங்கே கேப், அதாவது தாள் இல்லாத வெற்றிடம். அலமாரிக்கு கேப் ஒரு குறை. படகுக்கு அது முறியும் இடம். அணியத்தில் (படகின் முன்பகுதியில்) பக்கப் பலகையை வளைத்து இழுக்கும்போது வளைவு சீராக ஓடாமல் ஓரிடத்தில் மட்டும் மடங்கும், அந்த இடத்தில்தான் விரிசல் விடும். பிறகு தண்ணீர் ஒரு திருகுத் துளை வழியாக நுழைந்தால் அந்தக் கேப்பையே வாய்க்காலாக்கி ஷீட்டின் மறுமுனை வரை போகும்.

தடிமனையும் எடையையும் கடையிலேயே பார்த்துவிடலாம். வெர்னியரில் நான்கு மூலையும் அளந்தபோது 5.3 மி.மீ.தான் இருந்தது. முழுக்கக் கர்ஜன் மரம் என்று சொன்னார்கள். கர்ஜன் பிளை கனமீட்டருக்கு 700 முதல் 800 கிலோ வரை வரும், ஆகவே 6 மி.மீ. முழு ஷீட் பதின்மூன்று கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். எங்களுக்கு வந்தது ஒன்பதரை. மேலே கர்ஜன் தோல், உள்ளே பாப்லர் மாதிரி இலேசான மரம். இலேசாக இருப்பதே குற்றம் அல்ல: படகுக்காரர்கள் விரும்பும் ஒக்குமே என்ற மரத்தின் பிளையும் ஒன்பது கிலோவை ஒட்டித்தான் வரும். கர்ஜன் என்று சொல்லி விற்றதுதான் குற்றம். ஒக்குமே ஷீட்டில் பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரநிலை எண் இருக்கும். அந்த எண்ணையும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், ஆகவே அதற்கும் இதே கொதிநீர்தான்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் கேட்டபோது வந்த பதில்: "எப்பாக்சி அடிச்சிட்டா எந்தப் பிளையும் தாங்கும் சார்." இதை நம்பிப் பணத்தைத் தொலைத்தவர்கள் நிறைய. எப்பாக்சிப் பூச்சு முழுசாக இருக்கும்வரை தண்ணீரைத் தடுக்கும். கரையில் மணலில் இழுத்த முதல் நாளே அடியில் கீறல் விழும். துடுப்புக் கொக்கியின் திருகுத் துளையிலும் பலகை ஓரத்திலும் பூச்சு மெலிந்தே இருக்கும். ஈரம் உள்ளே போன பிறகு அதே பூச்சு அதை வெளியே காயவும் விடாது. பசை உள்ளேயே கரையும், வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும்.

ரெசின் கதை வேறு. 5 கிலோ டப்பாவில் 'எப்பாக்சி, போட் கிரேடு' என்று கடையின் ஸ்டிக்கர். கூடவே 100 மில்லி பாட்டில் ஒன்று. இந்தப் பாட்டிலின் அளவே போதும் காட்டிக்கொடுக்க. எப்பாக்சிக்கு ஹார்டனர் எடையில் குறைந்தது பத்தில் ஒரு பங்காவது வரும், பல வகைகளுக்கு மூன்றில் ஒன்று, பாதி என்று போகும். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு போடச் சொன்னால் அது பாலியெஸ்டர் ரெசின், பாட்டிலில் இருப்பது அதை இறுகத் தூண்டும் கேட்டலிஸ்ட். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கலந்த பாலியெஸ்டர் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும், மூடியைத் திறந்ததும் ஸ்டைரின் வாடை மூக்கில் ஏறும். எப்பாக்சி ரெசினில் அந்த வாடை இருக்காது. கோபால்ட்டைத் தனிப் புட்டியாகக் கொடுத்தால் அதையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

நம் கடற்கரையில் 'போட் ரெசின்' என்றால் பாலியெஸ்டர் என்றுதான் பொருள், அது தவறும் இல்லை. பைபர் போட் பட்டறைகளில் அச்சில் கண்ணாடியிழை மேட் போட்டு ஊற்றுவது அதைத்தான், படகு முழுவதும் அதே சரக்கு என்பதால் அங்கே அது நன்றாக உழைக்கிறது. மரத்தோடு ஒட்டுவதில்தான் அது பலவீனம். 1963-இல் பிரிட்டனில் வந்த மிரர் படகைச் செம்புக் கம்பியால் தைத்து, கண்ணாடியிழை நாடாவும் பாலியெஸ்டரும் போட்டுத்தான் வீடுகளில் ஆயிரக்கணக்கில் கட்டினார்கள் என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். ஆனால் மரத்தில் ஈரம் ஏற ஏறப் பாலியெஸ்டர் உரிந்துவரும். எப்பாக்சி கைக்கெட்டும்போது அதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. சோதனை எளிது: இரண்டு பிளைத் துண்டுகளை மூலையாகச் சேர்த்து, உள்ளே நாடா ஒட்டி, ஒரு வாரம் விட்டு உடைத்துப் பாருங்கள். மரம் கிழிய வேண்டும். எங்கள் துண்டில் நாடா முழுசாக உரிந்து வந்தது, மரத்தில் ஒரு நார்கூடப் பெயரவில்லை.

மாற்றிக் கேட்டோம். இரண்டாவது முறை உண்மையான எப்பாக்சி வந்தது, பெரிய கேனிலிருந்து ஊற்றிய சில்லறைச் சரக்கு, தொழில்நுட்பத் தாள் கிடையாது. "பத்துக்கு ஒண்ணு" என்று மட்டும் வாயால் சொன்னார்கள். எடையிலா, அளவிலா என்று கேட்டதற்கு "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்றே அல்ல. ரெசினின் அடர்த்தி 1.15, ஹார்டனருடையது 0.98 என்று வைத்தால், எடையில் 100-க்கு 10 என்பது அளவில் 100-க்கு 11.7. கப்பில் அளந்து பத்துக்கு ஒன்று ஊற்றினால் ஹார்டனர் ஏறத்தாழ 15 சதவீதம் குறையும். அப்படிக் கலந்தது ஒரு வாரம் கழித்தும் நகம் பதியும்படி இருந்தது. அதைச் சரிசெய்ய வழியில்லை, மேலே இன்னொரு கோட் அடித்தும் பயனில்லை. முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். 0.1 கிராம் வரை காட்டும் தராசு வாங்குங்கள். 200 கிராம் கலவைக்கு 181.8 ரெசின், 18.2 ஹார்டனர். நம் வெயிலில் 200 கிராமையும் ஒரே கப்பில் விட்டுவைத்தால் சூடேறிப் புகையும், கலந்தவுடன் அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள்.

"உங்க ஊர் ஈரக்காத்து சார்" என்று அடுத்துச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு என்பதால் பிரித்தறியத் தெரிய வேண்டும். ஈரக்காற்றில் எப்பாக்சி மேல் மெழுகு போல ஒரு வழவழப்புப் படலம் வரும். அது தண்ணீரும் ஸ்கிரப்பரும் போட்டுத் தேய்த்தால் போய்விடும், அடியில் கெட்டியாக இருக்கும். கழுவிக் காயவைத்த பிறகும் நகம் பதிந்தால் குற்றம் காற்றில் இல்லை, கலவையில்.

கம்பியும் திருகும் சின்னச் செலவு, ஆனால் அதே ஏமாற்று. செம்பு என்று வந்தது செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும், முறுக்கினால் பட்டென்று அறும். 1.25 மி.மீ. செம்புக் கம்பி பத்து மீட்டர் 110 கிராம் இருக்க வேண்டும், எங்களுடையது அதில் பாதிகூட இல்லை. திருகு 304 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகை என்று பில்லில் இருந்தது. இரும்புக் கடைகளில் கிடைக்கும் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டதும் சிவந்தது, ஆகவே அது மாங்கனீசு கூடிய 202 மாதிரியான மலிவு வகை. காந்தத்தை வைத்துப் பார்ப்பது போதாது, நல்ல 304 திருகும் சூடாக்காமல் அழுத்தி உருட்டிச் செய்ததால் இலேசாக ஒட்டும். பழவேற்காடு, முட்டுக்காடு மாதிரி உப்புத் தண்ணீருக்கு 316 வகை கேளுங்கள்.

ஆகவே வாங்கும் முறை இது: முதலில் ஒரு ஷீட் மட்டும் வாங்கிச் சோதியுங்கள், தேறினால் அதே லாட்டில் மீதியை எடுங்கள். பில்லில் ஐ.எஸ். 710, தடிமன், பிராண்டு, உரிம எண் நான்கும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பில்லில் 'பிளைவுட் 6 எம்.எம். – 4' என்று மட்டும் இருந்தது, புகாரில் இதுதான் எங்கள் பெரிய பலவீனம். ஷீட்டை அறுக்கும் முன் முத்திரையைப் படம் எடுத்துவையுங்கள், வெட்டினால் முத்திரை போய்விடும். போலி முத்திரை என்றால் பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே புகார் செய்யலாம். பணத்துக்கு முதலில் 1915 நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். சரக்கின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விற்பதற்காகப் படகு கட்டுகிறவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும், சொந்த உபயோகத்துக்கு என்று தெரியும்படி உங்கள் பெயரிலேயே பில் வாங்குங்கள்.

இன்றைய நிலை: இரண்டு முறை வந்த ரெசினுக்கும் பணம் திரும்பி வந்தது. திருகையும் கம்பியையும் எடுத்துக்கொண்டார்கள். பிளைவுட்டுக்கு "வெட்டின ஷீட்டை எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். வெட்டாத மூன்றையும் பிரிந்த ஆறு துண்டுகளையும் தேதி எழுதி, ஈரம் படாத இடத்தில் வைத்திருக்கிறோம். வெட்டிய ஷீட்டின் மீதி, படகின் உருவச் சட்டங்களுக்கு ஆகும். அவை படகு முடிந்ததும் கழற்றி எடுத்துவிடுகிறவை.