ஸ்பிளெண்டருக்கு நானே செய்துகொண்ட கேரியர்: நான்கரை ஆண்டு அனுபவம்

காட்பாடியில் இருந்துகொண்டு, 2019இல் மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தின் கடைகளுக்கு எலக்ட்ரானிக் தராசு பழுதுபார்ப்பது என் தொழில். தராசு சரியாக எடை காட்டுகிறதா என்று சோதிக்க 10 கிலோ வார்ப்பிரும்பு எடைக்கல் இரண்டை எங்கு போனாலும் உடன் கொண்டுபோக வேண்டும். கருவிப் பெட்டி தனியாக 11 கிலோ. ஆக, பின்னால் யாரும் உட்காராத நாளிலும் என் ஸ்பிளெண்டர் 31 கிலோ சுமையோடுதான் கிளம்புகிறது. இதையெல்லாம் இருக்கையின் மேலேயே கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஆண்டில் இரண்டு முறை சீட் கவர் மாற்ற வேண்டி வந்ததால், 2021 ஜனவரியில் ஒரு கேரியர் செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். பெரிய வண்டிகளுக்கு ஆயத்தமாக விற்கும் கேரியர்களின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அவை என் வண்டிக்குப் பொருந்தவும் இல்லை.

இதுவரை இரண்டு கேரியர்கள் செய்திருக்கிறேன். முதலாவது பதினோரு மாதத்தில் பழைய இரும்புக் கடைக்குத் திரும்பிப் போனது. இரண்டாவது இன்றும் வண்டியில் இருக்கிறது. முதலாவதைப் பற்றியே இங்கு அதிகம் எழுதப் போகிறேன். ஏனென்றால் இரண்டாவதில் சரியாக அமைந்தவை எல்லாம் அதில் உடைந்தவற்றிலிருந்து வந்தவை.

முதல் கேரியருக்குப் பழைய இரும்புக் கடையிலிருந்து 25 மி.மீ. அகலமும் 5 மி.மீ. கனமும் உள்ள பட்டை வாங்கினேன். இந்த அளவுப் பட்டை ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அதே போல்ட் துளைகளிலிருந்து இரண்டு பட்டைகளைப் பின்னோக்கி நீட்டி, அவற்றின் மேல் ஒரு சட்டத்தை வெல்டிங் செய்தோம். தூக்கிப் பார்த்தால் கனமாக, உறுதியாகத்தான் இருந்தது. ஏழாவது மாதத்தில் பேர்ணாம்பட்டுச் சாலையில் ஒரு வேகத்தடையைத் தாண்டியபோது பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறங்கிப் பார்த்தேன், வெல்டிங் அப்படியே இருக்க, அதற்கு ஒட்டினாற்போல இருந்த பட்டைதான் முடி போன்ற கோடு விழுந்து விரிசல் விட்டிருந்தது.

பட்டறைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னொரு பட்டைய மேல வெச்சி அடிச்சிட்டா ஒண்ணும் ஆவாதுண்ணா" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நான்கு மாதம் கழித்து, புதிதாக வைத்த ஒட்டு முடியும் இடத்தில், முன்னதைவிட ஆழமாக விரிசல் விட்டது. வெல்டிங் சூட்டினால் அந்த இடத்து இரும்பின் தன்மை மாறியிருக்கிறது. அது போதாதென்று ஒட்டுப் போட்ட பகுதி வளையாமல் விறைத்து நிற்பதால், ஒவ்வொரு குலுங்கலின் வளைவும் ஒட்டின் விளிம்பிலேயே குவிகிறது. இரும்பைத் தடிமனாக்கியதில் விரிசல் இரண்டங்குலம் இடம் பெயர்ந்ததே தவிர, நின்றுவிடவில்லை. ஒரு முனையில் மட்டும் பிடிமானம் உள்ள கை, எவ்வளவு தடிமனாக இருந்தாலும், எங்காவது ஓரிடத்தில் களைத்துத்தான் தீரும்.

இதற்கிடையே இன்னொரு குறையும் இருந்தது. 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஹேண்டில் லேசாக ஆடியது. தராசு என் தொழிலே என்பதால், பழுதுபார்க்க வந்திருந்த ஒரு பிளாட்ஃபாரம் தராசின் மேல் முன்சக்கரத்தை ஏற்றி, பின்சக்கரத்தையும் அதே உயரத்துக்குப் பலகை அடுக்கி நிறுத்திச் சோதித்தேன். சுமை இல்லாதபோது முன்சக்கரம் காட்டிய எடையை விட, 31 கிலோவை ஏற்றியதும் ஆறேகால் கிலோ குறைந்தது. கணக்கும் அதையேதான் சொல்கிறது: சுமையின் மையம் பின் அச்சுக்கு 25 செ.மீ. பின்னால் இருந்தது, இரண்டு சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 1,235 மி.மீ.; 31 கிலோவை 25ஆல் பெருக்கி 123.5ஆல் வகுத்தால் ஆறேகால் கிலோதான் வரும். பின்னால் ஏற்றும் சுமை பின்சக்கரத்தை அழுத்துவதோடு நிற்பதில்லை, நெம்புகோல் போல முன்சக்கரத்தைத் தூக்கவும் செய்கிறது என்பதை எண்ணாகப் பார்த்த பிறகுதான் அடுத்த கேரியரை வரைய உட்கார்ந்தேன்.

இரண்டாவது கேரியருக்கு முக்கால் அங்குல, 16 கேஜ் உருளைக் குழாய் எடுத்தேன். 16 கேஜ் என்றால் சுவர் கனம் 1.6 மி.மீ.; மூன்று மீட்டர் குழாய் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். பழையதில் இல்லாத மூன்றாவது பிடிமானமாக, இரு பக்கமும் ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டிலிருந்து சாய்வாக ஒரு தாங்குக் குழாய் ஏறிச் சட்டத்தின் பின்பகுதியைத் தாங்குகிறது. தாங்கைக் கீழ்ப் போல்ட்டில் பொருத்தினால் வேலை எளிது என்று பட்டறையில் ஒரு யோசனை வந்தது. கீழ்ப் போல்ட் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது, மேல் போல்ட் மட்டுமே சேஸிஸோடு நிலையாக இருப்பது. இரண்டையும் இறுக்கிக் கட்டியிருந்தால் முதல் பள்ளத்திலேயே ஏதாவதொன்று பிய்ந்திருக்கும். சட்டம் முழுவதையும் 12 செ.மீ. முன்னால் கொண்டுவந்தேன். இதனால் பின்னிருக்கையில் பாதி போய்விட்டது. வீட்டில் அதற்கு எதிர்ப்பு இன்றுவரை ஓயவில்லை. தராசில் மறுபடி ஏற்றியபோது முன்சக்கரத்தின் எடைக் குறைவு மூன்றேகால் கிலோவாக இறங்கியிருந்தது. ஹேண்டில் ஆட்டமும் நின்றது. எனினும் அதில் ஒரு பங்கு, கையேட்டில் பின்னால் ஆள் இருக்கும்போது வைக்கச் சொன்ன காற்றளவைப் பின்சக்கரத்தில் தவறாமல் வைக்கத் தொடங்கியதற்கும் சேரும்.

வேலைமுறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். வண்டியில் பொருத்திய நிலையில் அங்கங்கே புள்ளி வெல்டிங் மட்டும் செய்தோம். அதற்கும் முன்பே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டேன். முழு வெல்டிங் கீழே இறக்கிய பிறகுதான். அப்படியிருந்தும் சூட்டில் சட்டம் இழுத்துக்கொண்டு துளைகள் மூன்று மி.மீ. விலகிவிட்டன; ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போகாமல், மாற்றி மாற்றி அடித்திருக்க வேண்டும். துளைகளை அரம் கொண்டு நீள்வட்டமாக்கிச் சமாளித்தேன்.

நட்டுகள் எல்லாம் நைலாக் வகை, அதாவது உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராதவை. ஒவ்வொன்றின் மேலும் போல்ட்டையும் நட்டையும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். கோடு விலகியிருந்தால் தளர்ந்திருக்கிறது என்று ஸ்பானர் இல்லாமலேயே தெரிந்துவிடும்.

துருதான் குழாயின் பலவீனம். முதலில் ரெட் ஆக்சைடு, கறுப்பு எனாமல் என்று அடித்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்பூச்சு நன்றாகவே தாங்கியது, ஆனால் திறந்திருந்த குழாய் முனைகள் வழியே உள்ளே போன தண்ணீர் பழுப்பு நிறத்தில் வடியத் தொடங்கியது. முனைகளை அடைத்து, அடிப்பக்கம் தாழ்ந்த இடங்களில் நான்கு மி.மீ. துளைகள் இட்டு, பவுடர் கோட்டிங் (பெயின்ட் தூளைத் தூவி அடுப்பில் உருக்கிப் படியவைப்பது) செய்தேன். அந்தத் துளைகள் வேறொன்றுக்கும் உதவின: பவுடர் கோட்டிங் அடுப்பில் 200 டிகிரி அளவுக்குச் சூடேறும்போது, அடைபட்ட குழாய்க்குள் விரியும் காற்றுக்கு வழி இல்லையென்றால் வெல்டிங்கின் நுண்துளை வழியே கிளம்பிப் பூச்சில் கொப்புளம் விட்டுவிடும். மூன்று மழைக்காலம் கடந்தும் கயிறு உராயும் மூலைகளில் மட்டுமே பூச்சு தேய்ந்திருக்கிறது.

கட்டுவதற்குக் கொக்கி வைத்த ரப்பர் கயிற்றை நான் விட்டுவிட்டேன். வேலூர் வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் ரப்பர் ஒரே கோடையில் வெடித்துவிடுகிறது, இழுத்துப் பிடிக்கையில் கொக்கி நழுவினால் நேராக முகத்துக்கு வரும். பக்கிள் வைத்த நைலான் பட்டை இரண்டு போதும். பெட்டிக்கு அடியில் லாரி டியூப் துண்டு ஒன்றைப் போட்டிருக்கிறேன். அது பெட்டி வழுக்குவதையும் எடைக்கற்கள் எழுப்பும் சத்தத்தையும் அடக்குகிறது. பெட்டி பின்விளக்கையோ நம்பர் பிளேட்டையோ மறைக்காதபடி அதன் நீளத்தை முதலிலேயே அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

செலவு: முதல் கேரியருக்கு இரும்பு, வெல்டிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து 610 ரூபாய். இரண்டாவதற்குக் குழாய் 165, வளைக்க 100, வெல்டிங் 350, போல்ட் நட்டு 75, பவுடர் கோட்டிங் 450, ஆக 1,140 ரூபாய். ஒட்டுப் போட்ட கூலியைப் பட்டறைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். எடையைப் பொறுத்தவரை, ஒட்டுடன் சேர்ந்து 4.6 கிலோ இருந்த முதல் கேரியர் உடைந்தது, 2.9 கிலோ உள்ள இரண்டாவது நிற்கிறது.

இப்போது மீதமிருக்கும் குறை ஒன்றுதான். இடப்பக்கத் தாங்கின் போல்ட்டில் வெள்ளைக் கோடு 1,500 கி.மீ.க்கு ஒருமுறை சற்றே விலகுகிறது. வலப்பக்கத்தில் அசைவதே இல்லை. பெட்டியில் எடைக்கற்கள் இரண்டும் இடப்பக்க அறையிலேயே இருக்கின்றன என்பதைப் போன வாரம்தான் கவனித்தேன். ஒன்றை வலப்பக்கம் மாற்றி வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.