பழைய பிக்கப்பின் துரு: புட்டியா, ரிவெட்டா, வெல்டிங்கா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வேலைக்கு ஓடும் பழைய பிக்கப்புகள் துருப்பிடிப்பதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. பின்தட்டில் நாம் ஏற்றுவது உர மூட்டை. பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒருவகை உப்பு. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியது தகர மடிப்புகளில் தங்கி, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளிருந்தே அரிக்கும். வெளியே காசு அளவு பெயிண்ட் உப்பியிருந்தால் உள்ளே கையளவு போயிருக்கலாம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மந்தமாக வந்தால் கூர்முனையால் குத்திப் பாருங்கள், வண்டியின் உண்மை நிலை தெரிந்துவிடும்.

ஓட்டை விழாத மேல் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் போதும். அதிலுள்ள டேனிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ துருவை உறுதியான படலமாக மாற்றும். உதிரும் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்த பிறகே தடவ வேண்டும்.

ஓட்டை விழுந்தபின்தான் பிரச்சினை. குழியை நிரப்பும் பசையான புட்டிதான் இருப்பதிலேயே மலிவு, சில பத்து வெள்ளியில் (ரிங்கிட்) முடியும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். பின்னால் இரும்பே இல்லாத இடத்தில் அதை அப்பினால் மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி உப்பும். விற்கப் போகிற வண்டிக்கு இப்படிச் செய்பவர்கள் உண்டு. வாங்குபவர் பையில் ஒரு காந்தம் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ரிவெட், அதாவது துளையில் இறுக்கும் ஆணி, அடித்துத் தகரத்தை ஒட்டுப்போடுவதை நம்மவர்கள் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, விளிம்பில் எபாக்சி ப்ரைமர் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) அடித்து, இடைவெளியை அடைக்கும் சீலர் தடவி, ஒரு மில்லிமீட்டர் தகரத்தை வைத்து ரிவெட் அடித்தால் பின்தட்டின் பக்கச் சுவருக்குத் தாராளமாகப் போதும். டிரில் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். அழகு இருக்காது, சரி, செம்பனைக் குலை ஏற்றுகிற வண்டிக்கு எதற்கு அழகு?

கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டம், கேபின் தாங்கிகள், சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) ஆகியவற்றில் மட்டும் இந்த வேலை கூடாது. அங்கே நூற்றுக்கணக்கில் செலவானாலும் வெல்டிங்தான். மெல்லிய தகரம் சூட்டில் நெளியும் என்பதால் புள்ளி புள்ளியாக, ஆறவிட்டு வைக்கத் தெரிந்த ஆளாகப் பாருங்கள். வெல்டிங் சூட்டில் பின்பக்கத்துப் பெயிண்டும் கருகிவிடும். உள்ளே மெழுகு ஸ்ப்ரே அடிக்காமல் விட்டால் வைத்த ஒட்டிலிருந்தே துரு புறப்படும். மலிவாகப் பேசும் பட்டறைகள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

கதவோ டெயில்கேட்டோ என்றால் ஒட்டுப்போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். ஈப்போ பக்கம் பழைய சாமான் கடைகளில் தேடினால் முழுசாகவே கிடைக்கும், நிறம்தான் பொருந்தாது.