அப்ஜூரர்: ஸ்லாட் நிறைய, ரியாக்‌ஷன் ஒன்றுதான்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற வேடமேற்று ஆடும் கற்பனை ஆட்டத்தின் 2014 விதிநூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில், விசர்டு என்ற மந்திரவாதிக்கு எட்டு சப்கிளாஸ் (சிறப்புப் பிரிவு). 2024 பதிப்பில் நான்குதான். பழைய ஆட்டக்காரர்களுக்கு இது உறுத்தும். ஆனால் மிஞ்சிய நான்கில், எழுத்து மாற்றத்தால் அதிகம் தேறியது அப்ஜூரர் என்ற தடுப்பு மந்திரவாதிதான். புத்தகத்தைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை: ஸ்பெல் (மந்திரம்) பட்டியலிலேயே ஒவ்வொரு ஸ்பெல்லும் எந்தப் பள்ளி, அதாவது எந்த மந்திர வகை, என்று ஒரு நெடுவரிசை போட்டிருக்கிறார்கள். பழைய பதிப்பில் அதற்காகப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது.

மூன்றாம் லெவலில் வரும் ஆர்கேன் வார்டு என்ற மந்திரக் காப்புதான் இந்தச் சப்கிளாஸின் உயிர். ஸ்லாட் செலவழித்து (ஸ்லாட் என்பது ஸ்பெல் போட இத்தனை என்று எண்ணிக் கிடைக்கும் வாய்ப்பு) ஒரு அப்ஜுரேஷன், அதாவது தடுப்புப் பள்ளி, ஸ்பெல் போட்டதும் காப்பு எழும். அதன் ஹிட் பாயின்ட் (அடி தாங்கும் அளவு), விசர்டு லெவலின் இரு மடங்கோடு இன்டெலிஜென்ஸ் மாடிஃபையரைக் கூட்டியது. மூன்றாம் லெவலில் இன்டெலிஜென்ஸ் 17 (மாடிஃபையர் 3) என்றால் 9. கான்ஸ்டிடியூஷன் (உடலுறுதி) 14 உள்ள விசர்டின் சொந்த ஹிட் பாயின்டே அப்போது 20தான், ஆக இது கிட்டத்தட்ட பாதி. அடி முதலில் காப்பில் விழும். காப்பு முழுதாகத் தாங்கிவிட்டால் உங்களுக்கு டேமேஜே இல்லை, நீடிக்கும் ஸ்பெல்லை விடாமல் பிடிப்பதற்கான கான்சன்ட்ரேஷன் சேவும் உருட்ட வேண்டாம். பலர் கவனிக்காத பெரிய லாபம் இது.

கட்டும் முறை: திறன்களுக்குப் பகிரும் 15, 14, 13, 12, 10, 8 வரிசையில் 15 இன்டெலிஜென்ஸுக்கு, 14 டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்பு), 13 கான்ஸ்டிடியூஷனுக்கு. சேஜ் பின்னணி எடுத்தால் இன்டெலிஜென்ஸ் 17, கான்ஸ்டிடியூஷன் 14 ஆகும். நான்காம் லெவலில் வார் காஸ்டர் ஃபீட் (கூடுதல் திறமை) எடுங்கள். இன்டெலிஜென்ஸ் 18 ஆவதோடு, காப்பு உடைந்தபின் உருட்டும் கான்சன்ட்ரேஷன் சேவுக்கு அட்வான்டேஜும் (இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுப்பது) கிடைக்கும்.

முதல் லெவலில் ஸ்பெல்புக்கில் எழுதும் ஆறு ஸ்பெல்லில் மேஜ் ஆர்மர், ஷீல்டு என்ற இரண்டு அப்ஜுரேஷன் ஸ்பெல்லும் கட்டாயம். மற்ற நான்கை வேறு பள்ளிகளிலிருந்து எடுப்பதே புத்தி. மூன்றாம் லெவலில் அப்ஜுரேஷன் சேவன்ட் என்ற சலுகை இரண்டு அப்ஜுரேஷன் ஸ்பெல்லை இலவசமாகத் தருகிறது. புரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட்டுக்கும் ஆர்கேன் விகருக்கும் அதை வைத்துக்கொள்ளலாம். அதன்பின் புதிய ஸ்லாட் லெவல் திறக்கும்போதெல்லாம் ஒன்று சும்மா வரும்: ஐந்தில் எதிரியின் ஸ்பெல்லை முறிக்கும் கவுன்ட்டர்ஸ்பெல், ஏழில் பேனிஷ்மென்ட். அப்ஜுரேஷன் ஸ்பெல்லை ஸ்பெல்புக்கில் நகலெடுக்கும் செலவைப் பாதியாக்கிய பழைய சலுகை போய்விட்டது. போகட்டும், டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) வேறு ஸ்பெல்புக் எதையும் கண்ணில் காட்டாத ஆட்டத்தில் அது காகிதச் சலுகைதான்.

சறுக்கும் இடம் ‘ஸ்லாட் செலவழித்து’ என்ற இரண்டே சொல். பழைய விதியில் அலாரம் ஸ்பெல்லை ரிச்சுவலாக, அதாவது ஸ்லாட் இல்லாமல் நேரம் எடுத்து, திரும்பத் திரும்பப் போட்டு, 11 நிமிடத்துக்கு 2 பாயின்ட் வீதம் காப்பை நிரப்புவார்கள். வார்லாக் என்ற வேறு கிளாஸில் இரண்டு லெவல் எடுத்து மேஜ் ஆர்மரை இலவசமாகப் போட்டுத் தள்ளுகிறவர்களும் உண்டு. இரண்டு வழியும் இப்போது அடைபட்டாயிற்று, நல்லதுதான். ஆனால் சேஜ் பின்னணியின் மேஜிக் இனிஷியேட் ஃபீட்டில் மேஜ் ஆர்மரையோ ஷீல்டையோ எடுத்தவர்களும் இதில் மாட்டுவார்கள். அந்த நாளொரு இலவசக் காஸ்டில் ஸ்லாட் போகாது, காப்பும் எழாது. ஃபீட்டுக்கு வேறு ஸ்பெல் எடுங்கள். காலையில் ஒரு ஸ்லாட் கொடுத்து மேஜ் ஆர்மர் போட்டால் ஏசி (அடி படாமல் காக்கும் எண்) 15, கூடவே முழுக் காப்பு, அது லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) வரை நிற்கும்.

போனஸ் ஆக்‌ஷனில் (டர்னில் கிடைக்கும் சின்னக் கூடுதல் செயல்) ஸ்லாட்டை எரித்து, அதன் லெவலின் இரு மடங்கைக் காப்புக்கு ஏற்றும் வசதி புதிது. சண்டை நடுவில் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மூன்றாம் லெவல் ஸ்லாட்டுக்கு 6 பாயின்ட். அதே ஸ்லாட்டில் ஃபயர்பால் தரும் டேமேஜ் சராசரி 28. ஆர்கேன் ரெகவரியில் மீட்ட சில்லறை ஸ்லாட்டை, அடுத்த சண்டைக்கு முன் இதில் போடலாம், அவ்வளவே. ஒரு முதல் லெவல் ஸ்லாட் ஷீல்டுக்குப் போனால் அடியும் தவறும், அது அப்ஜுரேஷன் என்பதால் காப்புக்கு 2 பாயின்டும் ஏறும்.

ஆறாம் லெவலில் புரொஜெக்டட் வார்டு வந்ததும்தான் உண்மையான நெருக்கடி. 30 அடிக்குள் ஒருவர் அடிபட்டால், பிறர் டர்னிலும் செய்யக்கூடிய ரியாக்‌ஷனில் உங்கள் காப்பு அதை வாங்கிக்கொள்ளும். ஷீல்டும் ரியாக்‌ஷன், கவுன்ட்டர்ஸ்பெல்லும் ரியாக்‌ஷன். இருப்பதோ சுற்றுக்கு ஒன்று. முன்வரிசையில் நின்றுகொண்டு மூன்றையும் நம்பினால் மூன்றுமே கைவிடும். பின்னால் நின்று ஷீல்டின் தேவையையே குறைத்துக்கொள்ள வேண்டும். யாரைக் காப்பது என்றால், ரேஜில் (வெறியில்) இருக்கும் பார்பேரியனை. டேமேஜைப் பாதியாக்கும் அவருடைய ரெசிஸ்டன்ஸ் முதலில் கழிந்த பிறகே காப்பில் இறங்கும் என்பதால் 20 வாள்வெட்டு 10 ஆகத்தான் வரும். அடுத்தபடியாகக் கான்சன்ட்ரேஷன் பிடித்திருக்கும் கிளெரிக்.

பத்தாம் லெவலின் ஸ்பெல் பிரேக்கர் அருமை. கவுன்ட்டர்ஸ்பெல், நிற்கும் ஸ்பெல்லைக் கலைக்கும் டிஸ்பெல் மேஜிக் இரண்டும் எப்போதும் தயார். டிஸ்பெல் மேஜிக்கைப் போனஸ் ஆக்‌ஷனில் போடலாம், தோற்றால் ஸ்லாட் போகாது. போகாத ஸ்லாட்டுக்கும் காப்பு ஏறுமா என்பதை ஆட்டத்துக்கு முன்பே டிஎம்மிடம் கேட்டுவையுங்கள். ஒரே டர்னில் ஒரு ஸ்லாட்டில்தான் ஸ்பெல் போட முடியும் என்ற புது விதி இங்கே இடிக்கும்: ஸ்லாட்டில் டிஸ்பெல் மேஜிக் போட்ட டர்னில் பேனிஷ்மென்ட் கிடையாது, ஸ்லாட் வேண்டாத ஒரு கேண்ட்ரிப்தான். உங்கள் ஸ்பெல்லை எதிரி கவுன்ட்டர் செய்தால், அதே டர்னில் பதில் கவுன்ட்டரும் கிடையாது. காப்புக்கு ஏற்றுவது மட்டும் ஸ்பெல் அல்ல, ஆகவே அது தடைபடாது.