கழுத்தில் தொங்கும் மணி: மூன்று வருட அனுபவம்

குளுவாங்கில் இருக்கும் என் பள்ளித் தோழி போன வாரம் வாட்சப்பில் பேசி அனுப்பியிருந்தாள். "உங்கம்மா கழுத்துல தொங்குதே ஒரு பெல்லு, அது இப்ப ஷாப்பியில 39 வெள்ளிக்கு எறங்கியிருக்கு. மாமியாருக்கு வாங்கலாமா, சொல்லு."

கேட்ட நேரம் சரியில்லை. 2022இல் நான் அதை 85 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கினேன். அந்தக் கடுப்பு ஒரு பக்கம். அன்று காலையில்தான் அந்த மணியின் பட்டனைப் பசார் (சந்தை) பக்கத்து ரிப்பேர் கடையில் கொடுத்து, உள்ளே குண்டுமணி அளவு சுவிட்சை மாற்றி, 8 வெள்ளி கட்டிவிட்டு வந்திருந்தேன். 'வாங்கு', 'வேண்டாம்' இரண்டையும் மாறி மாறி டைப் செய்து அழித்தேன். அதனால்தான் இவ்வளவு நீளம்.

சாமான் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வயர் இல்லாத வாசல் மணி. வாசலில் ஒட்ட வேண்டிய பட்டனில் கயிறு கோத்து, 'முதியோர் அழைப்பு மணி' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். பட்டனுக்குள் 12 வோல்ட் குட்டி பேட்டரி. சத்தம் போடும் பெட்டிகள் இரண்டு, நேராகப் பிளக்கில் செருகலாம். டப்பாவில் 300 மீட்டர் என்று போட்டிருக்கும். அது திடலில் நின்று அளந்தது. எங்கள் வரிசை வீட்டில் இரண்டு சுவர் தாண்டி அடுத்த வீட்டுக் குசினிவரை சரியாகப் போகிறது. எனக்கு அது போதும்.

அம்மாவுக்கு 79. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் 32 வருடம் பால் வெட்டியவர். கித்தா (ரப்பர்) மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு லயத்தை விட்டு இந்தத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்தோம். 2022இல் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. ஈப்போ பெரியாஸ்பத்திரியில் இரும்பு வைத்து அனுப்பினார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, "ஹோம்ல விட்ருவோம்க்கா, நான் காசு கட்டுறேன்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நான் ஈப்போவில் தொழிற்சாலை வேலை, போக வர 60 கிலோமீட்டர். ஓர் இல்லத்தில் போய்க் கேட்டேன். மாதம் 2,200 வெள்ளி, டயப்பர் தனி. அரசாங்கத்தின் ஸ்ரீ கெனாங்கான் இல்லம் தஞ்சோங் ரம்புத்தானிலேயே இருக்கிறது, ஆனால் அது 60 வயது தாண்டி வாரிசு இல்லாதவர்களுக்கு. அம்மாவுக்குத்தான் வாரிசு இரண்டு பேர் இருக்கிறோமே! அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "என் அடுப்பு இங்க இருக்கு."

சரி என்று குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தினோம் (சுவரில் துளை போட்டு முடுக்குவதை வாங்குங்கள், உறிஞ்சி ஒட்டும் வகை வேண்டவே வேண்டாம்). வழுக்காத பாய், வாக்கர், ராத்திரி விளக்கு எல்லாம் வந்தன. கடைசியில் இந்த மணி. வருமான வரியில் பெற்றோர் மருத்துவம், பராமரிப்புக்கு 8,000 வெள்ளிவரை கழிவு உண்டு. வாசல் மணியை அதில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

முதலில் சில்லறைக் குறைகள். மெட்டு 52 இருக்கிறது, காது கொடுத்துக் கேட்கக்கூடியது இரண்டு. அதில் ஒன்றைத் தேர்ந்து வைத்தால், இடி இடித்து கரண்டு போய் வந்ததும் பழையபடி முதல் மெட்டுக்குப் போய்விடும். அது ஐஸ்கிரீம்காரன் மோட்டாரில் வருகிற மெட்டு மாதிரியே இருக்கும். பேராக்கில் சாயங்காலம் இடி இடிக்காத வாரம் ஏது? கரண்டு இல்லாத நேரம் பெட்டி பிணம். 'தண்ணீர் படலாம்' என்று எழுதியிருந்ததை நம்பி ஆறே மாதத்தில் ஒரு பட்டன் போனது. இப்போது இருப்பதைச் சின்ன பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். பேட்டரி தீரப்போகிறது என்று காட்ட ஒரு விளக்குகூடக் கிடையாது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அம்மா மணியை அடிக்க மாட்டார், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

வாங்கிய முதல் வாரமே தெரிந்துவிட்டது. முருங்கை மரத்தடியில் வாக்கர் சேற்றில் மாட்டி, அரை மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார். மணி கழுத்தில்தான் இருந்தது. ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன்.

"மணி அடிச்சா நாமதான் ஓடணும் பாப்பா. நாம அடிச்சு இன்னொருத்தர ஓட வைக்கிறதா? நான் என்ன தொரையா?"

சிரித்துவிட்டேன், அப்புறம்தான் உறைத்தது. தோட்டத்தில் இருட்டோடு மணி அடிக்கும், பெரட்டுக் களத்துக்கு (ஆள் கணக்கெடுக்கும் இடம்) ஓட வேண்டும், பேர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும், தாமதமானால் கங்காணி வாயில் விழ வேண்டும். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியபோதுகூட, "மணி அடிக்கிறது மாறலையே, இருட்டுதான் கூடிப்போச்சு" என்பார். 32 வருடம் மணிச் சத்தத்துக்கு எழுந்தவர் கையில் மணியைக் கொடுத்து, அடி என்றால் எப்படி அடிப்பார்?

ஒரு வழி கண்டுபிடித்தேன், பெருமையாகவே இருந்தது. "அம்மா, கூப்பிட வேணாம். தினம் எழுந்ததும் ஒரு தடவ அமுக்குங்க. பெரட்டுல பேர் கொடுக்கிற மாதிரி. நீங்க எழுந்தாச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிரும்." அது உடனே ஏறிக்கொண்டது. மறுநாள் சரியாக ஐந்து மணிக்கு ஐஸ்கிரீம் மெட்டு. அதற்கு அடுத்த நாளும். தவறியதே இல்லை. எனக்கு இன்னொரு லாபம்: தினமும் ஐந்து மணிக்கு மணி கேட்டால் பேட்டரி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். விளக்கு இல்லாத குறை தீர்ந்தது.

இரண்டாவது பெட்டி பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்காரப் பெரியம்மா) குசினியில். நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் சுவிட்சைப் போட்டுக்கொள்வார். நான் எதிர்பார்க்காத சந்தோஷம் இங்கேதான் வந்தது. அவருக்கு மட்டும் அம்மா மணி அடிக்கிறார்! முதல் தடவை மக்சிக் மாவுக் கையோடு ஓடிப் போயிருக்கிறார். அம்மா ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வாசலில் நின்றாராம். இப்போது வாரத்தில் மூன்று நான்கு நாள் இது நடக்கிறது. கீரை, பச்சைமிளகாய், ஒரு கிண்ணம் ரசம். அங்கிருந்து பீசாங் கோரெங் (பொரித்த வாழைப்பழம்) திரும்பி வரும். தமிழும் மலாயும் கலந்து ஒரு மணி நேரம் பேச்சு. எந்த இல்லத்தில் 2,200 வெள்ளிக்கு இதைக் கொடுப்பார்கள்? இந்த ஒன்றுக்காகவே இதற்கு ஐந்து நட்சத்திரம் போடலாம் என்று போன வருடம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொடுக்க அடிப்பார். கேட்க அடிக்க மாட்டார். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவில்லை.

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, ராத்திரி இரண்டரை மணிக்குக் குளியலறைக்குப் போனவர் கால் மடங்கித் தொட்டிச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்திருக்க மட்டும் முடியவில்லை. கழுத்தில் மணி. நான் ஏழெட்டுக் காலடி தூரத்தில் படுத்திருக்கிறேன்.

ஐந்து மணிக்கு அடித்தார்.

எனக்குக் கேட்டது. 'அம்மா எழுந்தாச்சு' என்று நினைத்து, போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். ஐந்து நாற்பதுக்குக் காப்பி கலக்கப் போனபோதுதான் குளியலறை விளக்கைப் பார்த்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஈரத்தரையில்.

"ஓவர்டைம் முடிஞ்சு அசந்து படுத்திருந்தே. அஞ்சு மணிக்கு எப்படியும் அடிக்கத்தானே போறேன், அதுக்குள்ள என்னத்துக்கு எழுப்பணும்னு இருந்துட்டேன்." நடுங்கிக்கொண்டே, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். நான் கத்தினேன். அதை இங்கே எழுத விருப்பமில்லை.

கிளினிக்கில் டாக்டர் சொன்னார்: விழுவதைவிட, விழுந்த பிறகு தரையிலேயே கிடப்பதுதான் சில சமயம் ஆளைக் கொண்டுபோகும். உடம்பு குளிர்ந்துவிடும், அழுந்திக் கிடக்கும் தசை நைந்து சிறுநீரகத்தையே கெடுக்கலாம். அம்மா தப்பியது அதிர்ஷ்டம்.

நியாயமாகப் பார்த்தால் மணி தன் வேலையைச் செய்தது. அமுக்கினால் அடித்தது. 'நல்லாயிருக்கேன்' என்பதற்கும் 'விழுந்துட்டேன்' என்பதற்கும் ஒரே சத்தத்தை வைத்தது நான். ஆனாலும் பொங்குகிறது. சரி, நல்லாயிருந்தால் ஒரு தடவை, ஆபத்தென்றால் மூன்று தடவை என்று வைக்கலாம் என்று பார்த்தேன். மெட்டு பாடி முடிக்கும்வரை அடுத்த அமுக்கலை இந்தப் பெட்டி ஏற்றுக்கொள்வதில்லை! மூன்று தடவை அமுக்கினாலும் ஒரே பாட்டுத்தான். முதியோர் அழைப்பு மணி என்று பெயர் வைத்தவன் ஒரு நாள் ஒரு கிழவியோடு இருந்து பார்த்திருக்க வேண்டாமா?

கைக்கடிகாரம் வாங்கச் சொன்னான் தம்பி. ஆப்பிள் கடிகாரத்தில் 2018லிருந்தே விழுந்ததைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. பலமாக விழுந்து, ஆள் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் அதுவே கூப்பிடும். நல்லதுதான். ஆனால் அம்மா விழவில்லை, சுவரோடு மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். அதைக் கடிகாரம் எப்படி எடுத்துக்கொள்ளுமோ. அதோடு தினமும் சார்ஜ் போட வேண்டும். அது அரிசி டின்னுக்குள் பத்திரமாகப் போய்விடும், எனக்குத் தெரியும்.

தோழிக்கு என் பதில்: வாங்காதே. உன் மாமியார் கூச்சமில்லாமல் கூப்பிடுகிற ஆளாக இருந்தால் வாயாலேயே கூப்பிடுவார். கூப்பிடாத ஆளுக்கு இது கழுத்துச் சங்கிலி. 39 வெள்ளியில் ஒரு நல்ல ரப்பர் பாய் வரும்.

நான் இன்னொன்று வாங்கிவிட்டேன், அதே 39 வெள்ளிக்கு. ஒவ்வொரு பட்டனுக்கும் தனி மெட்டு வைக்கலாம் என்பது மூன்று வருடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. புதுப் பட்டனைக் குளியலறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில், உட்கார்ந்தாலும் படுத்தாலும் கை எட்டுகிற மாதிரி ஒட்டினேன். மெட்டு வேறு, சத்தமும் கூட. கரண்டு போய் வந்தால் மெட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்று காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவை உட்கார வைத்து மூன்று தடவை அமுக்கவும் வைத்தேன். சரி சரி என்று தலையாட்டினார்.

நேற்றுக் குளிக்கப் போனபோது பார்த்தேன். அதன் மேல் துணி துவைக்கிற பிரஷ்ஷைச் சாய்த்து வைத்திருக்கிறார்.