ரோட்டரி எஞ்சினுக்கு எந்த பிளக், எந்த காயில்?

மஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டார் சுழலும் எஞ்சின்) காரான ஆர்எக்ஸ்-8 ஐடிலில் உதறி, இழுவையும் குறைந்தால் பலர் முதலில் மாற்றுவது பிளக்கை. ஆனால் அந்த வண்டியில் முதலில் சோர்வது பெரும்பாலும் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயில்தான். இரண்டு ரோட்டார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக்: முதலில் சுடுவது லீடிங், சற்றுப் பிறகு சுடுவது ட்ரெய்லிங். பிளக்குக்கு ஒன்றாக நான்கு காயில். 50,000 கிலோமீட்டரை நெருங்கினாலே நான்கையும் சந்தேகிக்க வேண்டும்.

பிஸ்டன் எஞ்சினில் ஒரு பிளக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருளைப் பற்றவைக்கும். ரோட்டரியில் ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. 9,000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 150 பொறி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 6.7 மில்லிவினாடிதான். அதற்குள் காயில் மறுபடி சார்ஜ் ஆகியாக வேண்டும். சூட்டில் தளர்ந்த காயில் ஐடிலில் ஓரளவு சமாளிக்கும், மேல் ஆர்பிஎம்மில் கைவிடும்.

எஃப்சி, எஃப்டி எனப்படும் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-இல் நிலைமை இன்னும் கடினம். லீடிங் பிளக் இரண்டையும் ஒரே காயில் சேர்த்தே சுடுகிறது. அதாவது அரைச் சுற்றுக்கு ஒரு பொறி. 8,000 ஆர்பிஎம்மில் கிடைப்பது 3.75 மில்லிவினாடி. டர்போ பூஸ்ட் (டர்போ உள்ளே திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும், காயிலுக்கோ அப்போதுதான் நேரம் போதாது. எனவே பூஸ்ட் கூட்டிய ஆர்எக்ஸ்-7-க்கு ஒரு பிளக்குக்கு ஒரு காயில் என்பதே முதல் முன்னேற்றம்.

இனி பிளக். ஆர்எக்ஸ்-8-க்கு என்ஜிகே நிறுவனத்தின் ஆர்இ7சி-எல் லீடிங்கிலும் ஆர்இ9பி-டி ட்ரெய்லிங்கிலும் வரும். கடைசி எழுத்தே இடத்தைச் சொல்கிறது. மாற்றிப் போடக் கூடாது. என்ஜிகேயில் எண் கூடக் கூட பிளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டை வேகமாகக் கடத்திவிடும். ரோட்டாரின் முனையிலுள்ள ஏபெக்ஸ் சீல் கடக்கும்போது அழுத்தம் கசியாமலிருக்க ட்ரெய்லிங் துளையை மிகச் சிறியதாக வைத்திருக்கிறார்கள். அதன் பின்னால் ஒதுங்கியிருக்கும் பிளக்குக்குத்தான் 9.

ஆர்எக்ஸ்-7-க்கு பியூஆர்7ஈக்யூ, பியூஆர்9ஈக்யூ. நான்கு தரை மின்முனைகள் கொண்டவை. இடைவெளி சரிசெய்கிறேன் என்று வளைக்க வேண்டாம். டர்போக்காரர்கள் பலர் நான்கிலும் 9 போடுகிறார்கள். டிராக்கில் அது சரி. ஊருக்குள் குறுந்தூரம் ஓட்டும் வண்டிக்கு லீடிங்கில் 7 இருக்கட்டும்: 9 தன்னைத்தானே சுத்தம் செய்யும் சூட்டை எட்டாது. ரோட்டரியில் சீலுக்காக எண்ணெயும் அறைக்குள் போகிறது அல்லவா, அதுவும் பெட்ரோல் கரியும் சேர்ந்து பிளக்கை மூடிவிடும். காலையில் வண்டி கிளம்பாது. ரேஸ் பிளக்குக்கும் இதே பதில். மரை பொருந்துகிறதே என்று வேறு பிளக்கைத் திருகும் முன் நீளத்தைப் பாருங்கள். முனை அறைக்குள் நீட்டினால் ஏபெக்ஸ் சீல் அதில் மோதும்.

காயிலில் மூன்று வழிகள். கம்பெனி காயில் புதிதாக நான்கு, கூடவே புது வயர்: மாற்றம் செய்யாத ஆர்எக்ஸ்-8-க்கு இதுவே போதும். ஜிஎம்மின் எல்எஸ் வி8 காயில் வலுவானது, காயிலை இயக்கும் இக்னைட்டர் உள்ளேயே இருக்கிறது. ஆனால் சார்ஜ் நேரத்தை ஈசியுவில் (எஞ்சின் கணினியில்) திருத்த முடிந்தால்தான் முழுப் பலன். நேரம் அளவு மீறினால் சில காயில்கள் தாமாகவே முன்கூட்டிச் சுட்டுவிடும். பூஸ்டில் அது எஞ்சினையே உடைக்கும். எர்த் வயரைத் தனியாக, தடிமனாக எஞ்சினுக்கே கொடுங்கள். மூன்றாவது சிடிஐ, அதாவது கபாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தை ஒரேயடியாக விடும் முறை: வோல்டேஜ் சட்டென ஏறுவதால் கரி படிந்த பிளக்கிலும் பொறி தாண்டும், பொறி நீடிக்கும் நேரம் குறைவு. சாலை வண்டிக்கு எல்எஸ் வகையே மேல்.

எதைப் போட்டாலும் ட்ரெய்லிங்கை லீடிங்போல் ஜோடியாக இணைக்காதீர்கள். தவறான நேரத்தில் கலவை பற்றும் அபாயம் உண்டு. ட்ரெய்லிங் ஒன்று செத்தால் ஓட்டுபவருக்கு அதிகம் தெரியாது, லீடிங் செத்தால் உடனே தெரியும். அதனால் நான்கையும் ஸ்பார்க் டெஸ்டரில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்கேனரில் வரும் கோளாறு எண்களில் பி0301 என்பது முதல் ரோட்டாரையும் பி0302 இரண்டாவதையும் குறிக்கும். எஞ்சின் விளக்கு மினுக்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்: எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதை உருக்கி அடைக்கும், அந்தச் சூடு சீல்களுக்கே திரும்பும்.

பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள். ஹவுசிங் அலுமினியம், முதலில் கையால் திருகி, பின் 13 முதல் 17 நியூட்டன் மீட்டர் வரை மட்டும் இறுக்குங்கள்.